எட்டுச் சிலிண்டரின் வலப்பக்கக் கதவு

மனைவி சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் கணவர்கள் வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு உண்டு. சொன்னதை ஒவ்வொன்றாக ஸ்பானர் போட்டு இறுக்கிக் காரில் பூட்டிக் காட்டிய கணவர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஒழுங்கையின் எட்டுச் சிலிண்டர்.

அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பதினொரு வருடம் அவர் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த எனக்கே அது ஞாபகமில்லை. கொழும்பின் பெரிய தெருவான காலி வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடைப் பலகையில் பெரிய கண் ஒன்று மட்டும்தான் வரைந்திருக்கும். தபால்காரர்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தி "எட்டுச் சிலிண்டர் மாத்தயா" என்றுதான் சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிடுவார்.

பெயருக்குக் காரணம் வாசலில் நின்ற கார். ஊருக்கெல்லாம் ஜப்பான் கார் போதுமாயிருந்த காலத்தில், யாரோ ஒரு தூதரகக்காரர் விட்டுப்போன அமெரிக்கக் காரை இவர் ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, எட்டுச் சிலிண்டர் எஞ்சின். பொனட்டின் மேல் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். ஸ்டார்ட் பண்ணினால் முன்வீட்டு அலுமாரியில் கோப்பைகள் கிலுகிலுக்கும். அந்த நாட்டில் இவ்வகைக் கார்களை நேர்ப்பாதையில் பறப்பதற்காகவே செய்தார்களாம். எங்கள் ஒழுங்கையின் ஒரு முனையில் காலி வீதி, மறுமுனையில் கடல். இரண்டாவது கியர் போட்டால் ஒன்றில் பஸ்ஸுக்குள் போகவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள். எனவே அந்தக் கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை முதலாவது கியரிலேயே கழித்தது.

மனிதரின் இன்னொரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். கண்ணாடியில் ஒரு தூசு இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. நீங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துத் துடைத்து, திரும்ப மாட்டிவிடுவார். கேட்பது கிடையாது. என் கண்ணாடிக்கு இது தினமும் நடக்கும். ஒருமுறை காரின் சத்தத்துக்காகப் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். அவர் குறிப்புப் புத்தகத்தை எடுப்பதற்குள் இவர் அவருடைய கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டார். பொலிஸ்காரர் காலி வீதியை மேலும் கீழுமாகப் பார்த்தார். கடல்வரை பார்த்தார். "ஹரி, யன்ன" என்று அனுப்பிவிட்டார்.

இவ்வளவு துப்புரவான கண்ணுள்ளவருக்கு வலப்பக்கம் மட்டும் தெரியாது. பிழை கண்ணில் அல்ல, காரில். அமெரிக்கக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். நாங்களோ வீதியின் இடப்பக்கத்தில் ஓடுகிறவர்கள். ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்கு ஏறும்போது வலப்பக்கமிருந்து வரும் பஸ்ஸை, சாரதி ஆசனத்திலிருந்து பார்ப்பதென்றால் கழுத்தை ஒன்றரை அடி நீட்டவேண்டும். அதற்காக வலப்பக்க முன் ஆசனத்தில் ஒருவர் இருந்து பார்த்துச் சொல்லவேண்டும். மேல்மாடிக்குக் குடிபோன முதல் ஞாயிறே அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

"தம்பி, உமக்கு வேலை ரெண்டு சொல்லுத்தான். 'பொறுங்கோ', 'எடுங்கோ'. இடையிலை கவிதை ஒண்டும் வேண்டாம்."

"தும்மல் வந்தா என்ன செய்யிறது அண்ணை?"

"வாறதுக்கு முதல் 'பொறுங்கோ' சொல்லிப்போட்டுத் தும்மும்."

அந்த ஆசனம் உண்மையில் என்னுடையதல்ல. அது பவானி அக்காவின் ஆசனம். அவர் எட்டுச் சிலிண்டரின் மனைவி, பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். அந்தக் காரில் இனி ஏறுவதில்லை என்று அவர் சபதம் செய்து, நான் அங்கு குடிபோகும்போதே பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். பவானி அக்காவின் தம்பிக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளையின் அக்கா என்றபடியால் இவர்தான் தோழி. கூறைச் சேலையும் தாலிக்கொடியும் வைத்த தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறியிருக்கிறார். கொள்ளுப்பிட்டிச் சந்தி நெரிசலில் கார் கொதித்தது. பொனட்டுக்குள் இருந்து ஆவி எழும்பி, முன்னால் நின்ற பஸ்ஸே மறைந்துபோனது. எட்டுச் சிலிண்டர் இறங்கித் தண்ணீர் தேடிப் போனார். பவானி அக்கா இறங்கி ஓட்டோ தேடிப் போனார். காஞ்சிபுரம் உடுத்து, தலையில் பூமாலை வைத்து, கையில் கூறைத் தட்டத்துடன் ஒரு பெண் நடு வீதியில் நின்று ஓட்டோ மறித்த காட்சியைப் பார்க்கக் கொள்ளுப்பிட்டியே நின்றதாம். முகூர்த்தம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். கல்யாண வீடியோவில் முதல் அரை மணித்தியாலம் ஐயர் வாசலைப் பார்ப்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் சொன்னது: "இனி என்னை இந்தக் காரிலை ஏத்திறதெண்டா பிணமாத்தான் ஏத்தவேணும்."

எட்டுச் சிலிண்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு இது சரிவராது. ரெண்டு கதவுதானே" என்றாராம். அந்தப் பதில் சபதத்துக்கு இன்னும் பலம் சேர்த்தது.

முதல் சில வருடங்கள் காரில் பிழையில்லை என்று வாதாடிப் பார்த்திருக்கிறார். கணக்கு ரீச்சரிடம் வாதாடி வென்றவர்கள் இல்லை. கடைசியில், மனைவியின் மனதை மாற்றுவதைவிட எஞ்சினை மாற்றுவது சுலபம் என்ற முடிவுக்கு வந்தார். நான் குடிபோனது அந்த முடிவின் உச்சக்கட்டத்தில்.

அதற்கொரு முறை வைத்திருந்தார். பவானி அக்கா காரைப்பற்றிச் சொல்லும் குறை ஒவ்வொன்றையும் ஒரு வேலை உத்தரவாக எடுத்துக்கொள்வார். கிராண்ட்பாஸில் கராஜ் வைத்திருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோவார். பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும் ஜப்பான் சாமான்களையும், கப்பலில் வரும் புதுச் சாமான்களையும் அமெரிக்க வயிற்றுக்குள் பொருத்துவார்கள். பிறகு நேராகப் பிள்ளையார் கோயில். நாலு ரயருக்கும் அடியில் நாலு தேசிக்காய், ஒரு தேங்காய், சந்தனம், குங்குமம். பிறகு வீட்டு வாசலில் வந்து நின்று ஹோர்ன் அடிப்பார். இறங்கி, சுற்றிவந்து, வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார்.

பவானி அக்கா கையில் கொப்பியும் சிவப்புப் பேனையுமாக வாசலுக்கு வருவார். காரை ஒரு பார்வை பார்ப்பார்.

"கொதிக்கிறது நிண்டிட்டுதோ?"

"புது அலுமினிய ரேடியேட்டர். ரெண்டு மின்சார விசிறி. இனி மூண்டு மணித்தியாலம் நிண்ட இடத்திலை நிண்டாலும் கொதிக்காது. ஏறும்."

"சீலையெல்லாம் பெற்றோல் மணக்குமே."

அவ்வளவுதான். உள்ளே போய்விடுவார். இவர் கதவை மெதுவாகச் சாத்துவார். அடுத்த கிழமை பழைய கார்பரேட்டர் போய்விடும். அதனிடத்தில், கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்கு மட்டும் பெற்றோலைத் தெளிக்கும் புதுப் பொறி வந்து உட்கார்ந்திருக்கும். திரும்பவும் தேசிக்காய், தேங்காய், ஹோர்ன், கதவு.

"பெற்றோல் மணம் போயிட்டுது. வந்து மணந்து பாரும்."

"நிப்பாட்டச் சொன்னா அடுத்த பஸ் ஹோல்ட்டிலைதான் நிக்கும். எனக்கு விசரோ ஏறுறதுக்கு?"

நாலு சில்லுக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. அது எவ்வளவு நன்றாகப் பிடித்ததென்றால், முதல் நாளே என் நெற்றி டாஷ்போர்ட்டில் போய்ப் பதிந்தது. அந்த வீக்கத்தைப் பவானி அக்கா பார்த்துவிட்டார். உடனே சீட் பெல்ட் வந்தது. அடுப்படி மாதிரி வெக்கை என்றார், ஏசி வந்தது. ஸ்டியரிங்கை வளைக்க நீங்கள் படும் பாட்டைப் பார்க்க எனக்குத் தோள் நோகுது என்றார், பவர் ஸ்டியரிங் வந்தது. அந்தக் கடைசிக் குறையைக் கேட்டபோது எட்டுச் சிலிண்டரின் முகத்தில் ஒரு வெளிச்சம். "தம்பி, கவனிச்சீரோ? என்ரை தோள் நோகுமெண்டு பார்க்கிறா." மூன்று நாள் அதையே சொல்லித் திரிந்தார்.

கோயில் ஐயருக்குத்தான் சங்கடம்.

"போன மாசமும் தேசிக்காய் நசிச்சனாங்கள். இப்ப என்ன வாகனம்?"

"அதே வாகனம்தான் ஐயா. பிரேக் புதுசு."

"விக்கினம் தீர்க்கிற பிள்ளையாரிட்டை வந்து, ஓடுறதை நிப்பாட்டுற சாமானுக்குப் பூசை கேக்கிறீங்கள். நான் என்னெண்டு சங்கற்பம் சொல்லுறது?"

"என்ரை மனிசியின்ரை பேரிலை சொல்லுங்கோ ஐயா. விக்கினம் அங்கைதான் நிக்குது."

ஒருநாள் பழைய கார்ச் சங்கத்துக்காரர் ஒருவர் காரைப் பார்க்க வந்தார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் கமரா. பொனட்டைத் திறந்தவர் இழவு வீட்டில் நிற்பவர் மாதிரித் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"என்ன காரியம் செய்து வைச்சிருக்கிறீங்கள்? உலகத்திலை விரல் விட்டு எண்ணக்கூடிய கார். இதிலை ஒரிஜினல் எண்டு ஒண்டையும் விட்டுவைக்கேல்லையே."

எட்டுச் சிலிண்டர் கோபிக்கவில்லை. வந்தவரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரிஜினலா வைச்சிருந்தா நீங்கள் ஏறுவீங்கள். என்ரை மனிசி ஏறமாட்டா. எனக்கு நீங்கள் தேவையில்லை" என்றார்.

கிராண்ட்பாஸ் நானாவும் கைவிரித்துப் பார்த்தார். "சேர், இந்தக் கார்ல இப்ப பழசா ஈக்கிறது எஞ்சின் கட்டையும் சேர்ட பொறுமையும்தான். மத்ததெல்லாம் மாத்தியாச்சு. இனி மிஸிஸ்ட்ட கேட்டு ஒரே தடவையா லிஸ்ட் எடுத்துக்கொண்டு வாங்களேன்." அப்படிக் கேட்கும் துணிவு எட்டுச் சிலிண்டருக்கு இருக்கவில்லை. மொத்தமாகக் கேட்டால் மொத்தமாக முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். ஒவ்வொரு குறையாக வரும்வரை நம்பிக்கை இருக்கிறதல்லவா.

பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் கியூஆர் கோட் காட்டி வாரத்துக்கு அளந்து கொடுத்தார்களே, அப்போதுகூட இவர் விடவில்லை. கிடைத்தது அந்தக் காருக்குப் பெற்றோல் ஷெட்டிலிருந்து வீடு வந்து சேரவும், மறுவாரம் திரும்பவும் ஷெட்டுக்குப் போகவும் மட்டும் சரியாக இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை தோறும் வாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஏசி போட்டுவிடுவார். "திடீரெண்டு ஏறப்போறன் எண்டு வந்தா, உள்ளுக்கு வெக்கையா இருக்கப்படாது பாரும்."

இப்படியே போய்க்கொண்டிருக்கையில் கல்யாணம் ஒன்று வந்தது. அதே தம்பியின் மகளுக்கு, அதே கொட்டாஞ்சேனையில், அதே மண்டபத்தில். பவானி அக்கா மணமகளுக்கு மாமி. மாலைகளைக் கொண்டுபோகும் பொறுப்பு அவருடையது. இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு விதி இப்படியொரு பரீட்சையைத் திரும்ப வைத்தது என்று எட்டுச் சிலிண்டர் நம்பினார். இந்தமுறை ஹோர்ன் அடிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டு மேசையில், எனக்கு இடியப்பம் வைத்துக்கொண்டிருந்த பவானி அக்காவிடம் நேராகவே கேட்டார்.

"கல்யாணத்துக்கு என்னோடை காரிலை வருவீரோ?"

பவானி அக்கா இடியப்பத் தட்டைக் கீழே வைத்தார். "எல்லாம் சரி எண்டு வைப்பம். எங்கை இருக்கிறது? இந்தத் தம்பி முன்னுக்கு இருந்து கத்திக்கொண்டு வர, நான் பின் சீட்டிலை சாமான் மாதிரிக் கிடக்கிறதோ?"

"முன்னுக்கு நீர்தான்."

"முன்னுக்கு இருந்தா ரோட்டைப் பார்த்துச் சொல்லவேணும். பட்டுச் சீலையோடை கொண்டக்டர் வேலை பார்க்க எனக்கேலாது."

இருபத்து நான்கு வருடத்துக் குறைகளில் இதுதான் கடைசி என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. என் வேலை போகப்போகிறது என்பதும் தெரிந்தது.

நாலாம் நாள் வலப்பக்கக் கண்ணாடியின் கீழ் பாக்கு அளவில் ஒரு கமரா ஏறியது. டாஷ்போர்ட்டில் சின்னத் திரை. வலப்பக்கம் வரும் பஸ், சைக்கிள், நாய் எல்லாம் அதில் தெளிவாகத் தெரிந்தன. எட்டுச் சிலிண்டர் கமராவின் வில்லையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பரீட்சை ஓட்டத்தில் நான் வாய் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கார் பிசகில்லாமல் காலி வீதிக்கு ஏறியது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கல்யாண நாள் காலை ஆறு மணிக்கே கோயிலுக்குப் போனோம். ஐயரும் இந்தமுறை கேள்வி கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் போகும் வாகனம் என்று தாராளமாகப் பூசை செய்தார். பொனட்டில், சில்லுகளில், ஸ்டியரிங்கில், கண்ட கண்ட இடமெல்லாம் சந்தனமும் குங்குமமும். தேங்காயை யார் உடைப்பது, சிதறியதை யார் பொறுக்குவது என்ற அமளியில் மற்றதை நாங்கள் கவனிக்கவில்லை. வரும்போது வழக்கம்போல நானே வலப்பக்கம் இருந்து சொல்லிக்கொண்டு வந்ததால் திரையைப் போடவும் இல்லை.

எட்டு மணிக்குப் பவானி அக்கா மாலைப் பெட்டியுடன் வாசலுக்கு வந்தார். எட்டுச் சிலிண்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கதவு அவருக்காகத் திறந்ததும் சாத்தியதும் எத்தனை தரம் என்று எனக்குக் கணக்கில்லை. பவானி அக்கா சேலையை ஒதுக்கி உள்ளே அமர்ந்தார். ஒழுங்கையில் நாலைந்து வீட்டு ஜன்னல்கள் ஒரே நேரத்தில் திறந்தன. நான் முன் ஆசனத்துக்குப் பின்னால், முழங்கால் நாடியில் முட்ட, சாமான் மாதிரிக் கிடந்தேன்.

ஒழுங்கை முனையில் கார் நின்றது. எட்டுச் சிலிண்டர் பெருமையோடு திரைப் பொத்தானை அழுத்தினார். திரை முழுக்க மஞ்சள். நடுவில் வட்டமாகச் சிவப்பு.

"என்னப்பா இது, டீவியிலை பொழுது படுது?" என்றார் பவானி அக்கா.

எட்டுச் சிலிண்டர் பொத்தானை மறுபடி அழுத்தினார். மறுபடியும் மஞ்சள். "வயர் விட்டிட்டுதுபோலை," என்றார். அவர் கழுத்தில் வியர்வை வடிவதைப் பின்னால் இருந்து பார்த்தேன். ஏசி நன்றாகத்தான் வேலை செய்தது. எங்களுக்குப் பின்னால் பாண் விற்கும் ஓட்டோ வந்து நின்று, தன் பாட்டை விடாமல் போட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வான். முன்னுக்குப் போகக் கண்ணில்லை, பின்னுக்குப் போக வழியில்லை. பவானி அக்காவின் கை கதவுப் பிடிக்குப் போனது.

எட்டுச் சிலிண்டர் அந்தக் கையைப் பார்த்தார்.  ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த மனிதர் அப்படித் தோற்றுப்போய் உட்கார்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.  பின்னால் இருந்து நான் எட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்று வாயெடுத்தேன்.

"பொறுங்கோ," என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதல்ல.

பவானி அக்கா கதவுப் பிடியை விட்டுவிட்டு, வலப்பக்க ஜன்னலால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ் ஒண்டு. பின்னாலை ஒரு சைக்கிள். பொறுங்கோ... அங்கை வாற வான் இஞ்சை வர ஆறு செக்கன் எடுக்கும். எடுங்கோ. எடுங்கோ எண்டல்லோ சொல்லுறன்."

கார் உறுமிக்கொண்டு காலி வீதிக்கு ஏறியது.

நான் பதினொரு வருடம் செய்த வேலையைப் பவானி அக்கா பம்பலப்பிட்டி வருமுன்னரே என்னைவிட நன்றாகச் செய்தார். என்னிடம் இரண்டு சொல்தான் இருந்தது. அவரிடம் வேகம், தூரம், நேரம் மூன்றும் இருந்தன. மாலைப் பெட்டியை என் மடிக்கு அனுப்பிவிட்டார். இடைஞ்சல் கொடுத்த பஸ் சாரதி ஒருவரைப் பார்த்து, "மல்லி, பொட்டக் இன்ன" என்று சிங்களத்தில், பொறு தம்பி என்பதுபோல், கையைக் காட்டினார். வகுப்பில் காட்டும் அதே கை. பஸ் நின்றது. கொள்ளுப்பிட்டிச் சந்தியில் நெரிசல்.  எட்டுச் சிலிண்டரின் கண் வெப்பமானி ஊசியிலேயே நின்றது.

"ஊசியைப் பார்க்காதேங்கோ. ரோட்டைப் பாருங்கோ. கொதிச்சா நான் ஓட்டோவிலை போவன், எனக்குப் பழக்கம்தானே," என்றார் பவானி அக்கா. சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கார் கொதிக்கவில்லை. மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காவலாளி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணித்தியாலம் முந்திவிட்டோம்.

இறங்கிச் சுற்றிவந்தபோதுதான் கண்டேன். ஐயர் புதுச் சாமானையும் விட்டுவைக்கவில்லை. கமராவின் வில்லை மேல் தடிப்பாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

"அண்ணை, வயர் ஒண்டும் விடேல்லை. இஞ்சை பாருங்கோ."

எட்டுச் சிலிண்டர் குனிந்து பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் மஞ்சள் துணியை எடுத்தது. அப்போது மண்டபப் படியிலிருந்து பவானி அக்கா, "என்னப்பா, வாங்கோவன். போகேக்கை மற்றப் பக்கத்தாலை போவம், அங்கை நெரிசல் குறைவு. நான் பார்த்துச் சொல்லுறன்," என்றார்.

மஞ்சள் துணி திரும்பப் பைக்குள் போனது.

"நான் துடைச்சுவிடட்டே அண்ணை?"

"வேண்டாம் தம்பி. சாமி வைச்ச பொட்டு. இருக்கட்டும்."

இப்போது நான் தெஹிவளையில் இருக்கிறேன். போன மாதம் காலையில் அந்தப் பக்கம் போனபோது ஒழுங்கைக்குள் நுழைந்தேன். சந்தனப் பொட்டு என்றால் இரண்டு நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும் சாமான். கல்யாணம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல். ஆனால் கமராவில் பொட்டு ஈரமாக இருந்தது. பக்கத்தில், சாரம் கட்டிக்கொண்டு, கையில் சின்னக் கிண்ணத்துடன் எட்டுச் சிலிண்டர். ஒரு விரலால் சந்தனத்தைத் தொட்டு, வில்லை முழுதும் மறையும்படி வட்டமாகப் பூசி, சற்று விலகி நின்று சரி பார்த்தார். ஊரில் உள்ள கண்ணாடியெல்லாம் துடைத்த மனிதர்.

உள்ளேயிருந்து பவானி அக்கா, "வெளிக்கிட்டாச்சு, காரை எடுங்கோ" என்று குரல் கொடுத்தார். எட்டுச் சிலிண்டர் கிண்ணத்தைச் சாரத்துக்குள் ஒளித்தார். நான் அவரைப் பார்த்தது அவருக்குத் தெரியக்கூடாது என்று மதிலோரம் ஒதுங்கினேன். என் கண்ணாடி மங்கியிருந்தது. கழற்றிக் கையில் எடுத்தவன், துடைக்காமல் அப்படியே திரும்ப மாட்டிக்கொண்டு, அவர் துடைத்துவிடட்டும் என்று, அப்போதுதான் வந்தவன் மாதிரிக் கேற்றைத் தட்டினேன்.